சேர்க்கைப் படிவத்தில் நான் அடித்த கோடு

பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த மறுநாள் நீங்கள் பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் உட்கார்ந்ததும், ஒரு தகப்பனாரோ தாயாரோ வந்து கேட்பார்: “டீச்சர், எந்த குரூப்பு நல்ல குரூப்பு?”

நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போலிருக்கும். முப்பத்து மூன்று வருடம் எனக்கு அப்படித்தான் இருந்தது. போகாதீர்கள். “பிள்ளை என்ன படிக்கணும்னு சொல்லுது?” என்று திருப்பிக் கேளுங்கள். அப்போதுதான் பலர் தங்கள் பிள்ளையின் முகத்தையே முதல்முறை பார்ப்பதுபோல் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஃபர்ஸ்ட் குரூப், அதனால் இவளுக்கும் ஃபர்ஸ்ட் குரூப். மச்சினி மகள் காமர்ஸ் எடுத்து வேலை கிடைக்காமல் இருக்கிறாள், அதனால் காமர்ஸ் ஆகாது. இப்படித்தான் ஒரு பிள்ளையின் படிப்பு முடிவாகிறது. கத்தரிக்காய் வாங்கக்கூட நான்கைப் புரட்டிப் பார்க்கிற ஜனங்கள்.

ஆனால் பெற்றோரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சேர்க்கைக் குழுவில் உங்கள் பெயரைப் போட்டிருப்பதாகவும், என்ன செய்ய வேண்டும் என்றும் போன வாரம் வந்து கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவது என்பதை ஆபீசில் சொல்லித்தருவார்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு காரியத்தை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் பள்ளி துறைமுகத்துக்குப் போகிற பாதையில் இருக்கும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அரசு உதவி பெறுவது. நான் கணித ஆசிரியை. சேர்க்கைப் பொறுப்பும் என்னிடம்தான். உதவி பெறும் பள்ளியில் ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். ஆகஸ்ட் முதல் தேதி ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவார்கள். ஒரு பிரிவில் தலை குறைந்தால், அந்தப் பாடத்து ஆசிரியர் உபரி. எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே அனுப்பிவிடுவார்கள்.

அந்த வருடம் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் நான்கு பிள்ளைகள் குறைந்தார்கள். அந்தப் பிரிவு போனால் தாவரவியல் ஆசிரியை கிருபாவின் வேலையிடமும் போகும். கிருபாவும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். அவள் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் காலியிடம் இருப்பதாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். “நாலே நாலு பிள்ளைங்கதான் டீச்சர். மேத்ஸ்ல மார்க் கம்மியா இருக்கிற பிள்ளைங்களப் பாத்து எடுத்துச் சொல்லுங்க. அவங்களுக்கும் நல்லதுதானே” என்றார்.

அவங்களுக்கும் நல்லது. இந்தச் சொல்லை யாராவது உங்களிடம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள்.

நான் எடுத்த நான்கு பிள்ளைகளில் ஒருத்தி பெல்ஷியா. கடற்கரைத் தெருப் பிள்ளை, அப்பா சரக்குக் கப்பலில் மாலுமி. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஐம்பத்தெட்டு மார்க். அம்மாவோடு வந்திருந்தாள். கணிதம் உள்ள கம்ப்யூட்டர் பிரிவை எழுதியிருந்தாள்.

“ஐம்பத்தெட்டு எடுத்துட்டு மேத்ஸ் எழுதியிருக்கியே, பிளஸ் ஒன் கணக்கு எப்படி இருக்கும்னு தெரியுமா? பயாலஜி எடு. நர்சிங் போகலாம், லேப் டெக்னீசியன் போகலாம்” என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் அம்மா, “நீங்க சொல்லுததுதான் சரி டீச்சர். இவ கப்பலுக்குப் போவேன்னு நிக்கா. பொம்பளப் பிள்ள கப்பலுக்கா? கேட்டா எவனாவது கெட்டுவானா? ஏளா, டீச்சர் சொல்லுதத கேளு” என்றார்.

நான் சிரித்தேன். பெல்ஷியா சிரிக்கவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டார். வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

ஜூலைக் கடைசியில், ஆகஸ்ட் முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், பெல்ஷியாவின் அப்பா பள்ளிக்கு வந்தார். முந்தின நாள்தான் கப்பலிலிருந்து இறங்கி வீடு வந்திருக்கிறார். வெயிலில் கறுத்த, குரல் உயர்த்தாத மனிதர். பெல்ஷியா பின்னால் நின்றாள்.

“டீச்சர், எம்பிள்ள மேத்ஸ் கேட்டு எழுதியிருக்கா. யாரு மாத்துனது?”

“உங்க வீட்டம்மாதான் வேண்டாம்னாங்க. அவங்க கையெழுத்தும் இருக்கு” என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. அப்படித்தான் நடந்தது என்று இரண்டு மாதத்தில் நானே நம்பியிருந்தேன்.

“கப்பல்ல ஆபீசராப் போறதுக்கு மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் வேணும் டீச்சர். மூணுலயும் சேத்து அறுபது பெர்சன்ட் வேணும். மேத்ஸ் இல்லன்னா அப்ளிகேசனே போட முடியாது. அது தெரிஞ்சுதான் மாத்துனியளா?”

எனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. துறைமுகத்துச் சங்கு வகுப்பறையில் கேட்கிற பள்ளி. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் கப்பலிலோ தோணியிலோ இருக்கிறார்கள். கப்பல் படிப்புக்கு என்ன பாடம் வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மருத்துவத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வோம்.

படிவத்தை எடுத்துக் காட்டி அவர் வாயை அடைத்துவிடலாம் என்று ஆபீசுக்குப் போனேன். எங்கள் எழுத்தர் அண்ணாச்சி கட்டைப் பிரித்து அவள் படிவத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அடிச்சுத் திருத்துனா பக்கத்துல பிள்ள கையெழுத்து வாங்கணும்லா டீச்சர். இதுல இல்லியே.”

முதல் விருப்பம் என்ற இடத்தில் பெல்ஷியாவின் உருண்டை எழுத்து. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் வேறு பிரிவின் பெயர், என் கையெழுத்தில். அம்மாவின் கையெழுத்து கீழே இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டை அம்மா அடிக்கவில்லை. நான் அடித்திருக்கிறேன். அடித்தது நினைவில்கூட இல்லை.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். “நான்தான் மாத்தியிருக்கேன். தப்புதான்.”

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். “அவ கப்பலுக்குப் போறதுல எனக்கும் பெருசா இஷ்டம் இல்ல டீச்சர். அங்கன படுத பாடு எனக்குத் தெரியும். ஆனா வேண்டாம்னு சொல்லுததுனா நானும் அவ அம்மையும் சொல்லணும். நீங்க எப்படி அடிக்கலாம்?” என்றார். இரண்டு நாளில் மாற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதல் தப்பு தெரியாமல் செய்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ரெண்டு நாள் பொறுங்க. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி எண்ணிக்கை போயிரட்டும். அதுக்கப்புறம் ஓசைப்படாம மாத்திக்கிடலாம். பிள்ளைக்கும் நஷ்டமில்ல, கிருபா டீச்சருக்கும் நஷ்டமில்ல.”

எவ்வளவு அழகான யோசனை! யாருக்கும் நஷ்டமில்லை. நான் தலையாட்டினேன். ஆகஸ்ட் முதல் தேதி போனது. பிறகு, எண்ணிக்கையைச் சரிபார்க்க அதிகாரிகள் வருவார்கள், அதுவரை பொறுங்கள் என்றார். அவர்கள் வந்து தலைகளை எண்ணிவிட்டுப் போனார்கள். பெல்ஷியாவும் தாவரவியல் வகுப்பில் உட்கார்ந்து தன் தலையைக் கொடுத்தாள். பிறகு, பணியிட உத்தரவு கைக்கு வரட்டும் என்றார். பிறகு காலாண்டுத் தேர்வு. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள்தான். ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. நானும் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கிருபாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

காலாண்டு முடிந்து பள்ளி திறந்த அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெல்ஷியா ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். என்னை வெளியே கூப்பிட்டாள்.

“அப்பா கப்பலுக்குப் போயிட்டாங்க டீச்சர். இனி யாரும் வந்து உங்களக் கேக்க மாட்டாங்க. அம்மாவுக்கு இப்படியே இருந்தா சந்தோசம்தான். மாத்துவியளா மாட்டியளான்னு மட்டும் சொல்லுங்க. இல்லன்னா நான் டிசி வாங்கிட்டு அடுத்த வருசம் வேற ஸ்கூல்ல சேந்துக்கிடுதேன்.”

அழவில்லை. கோபப்படவுமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை, ஒரு வருடத்தை இழக்கத் தயாராகிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. கணக்கு வராது என்று நான் சொன்ன பிள்ளை.

பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் அந்த வாரக் கடைசியில் மூடப்போகிறது. அது போய்விட்டால் பிரிவை மாற்ற சென்னை வரை ஏற வேண்டும். நான் அன்று சாப்பிடவில்லை. ஒரு தாளை எடுத்து, ஜூன் மாதத்தில் இந்த மாணவியின் விருப்பத்தை அவள் சம்மதம் இல்லாமல் மாற்றி எழுதியது நான்தான் என்றும், அவளை அவள் கேட்ட பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். தலைமையாசிரியர் வாசித்துவிட்டு, “இது போச்சுன்னா ஆகஸ்ட் எண்ணிக்கையே தப்புன்னு ஆயிரும் டீச்சர். உங்களுக்கு மெமோ வரும், கிருபா டீச்சருக்கு மாறுதல் வரும். யோசிச்சுத்தான் எழுதினீங்களா?” என்றார்.

“யோசிச்சு யோசிச்சுத்தான் சார் ரெண்டு மாசம் போச்சு” என்றேன்.

அவரை மோசமான மனிதர் என்று நினைக்காதீர்கள். ஒரு வேலையிடம் போனால் திரும்ப வராது என்று அவருக்குத் தெரியும். கடைசியில் முத்திரை போட்டு அனுப்பியவரும் அவர்தான்.

கிருபாவிடம் சாயங்காலம் சொன்னேன். நால்வரையும் எப்படி மாற்றினேன், ஏன் மாற்றினேன், எல்லாம். அவள் கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

“எனக்காகன்னு சொல்லுதியளே, நான் உங்ககிட்ட கேட்டனா?”

“இல்ல.”

“அப்பவே சொல்லியிருந்தா ஜூன்லயே ஏரல் பக்கம் ஒரு இடம் இருந்துச்சு, எழுதிக் கேட்டிருப்பேன். இப்ப அதுவும் இல்ல.”

அவள் சொன்னது உண்மை. ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய அந்த இடம் ஜூலையில் நிரம்பிவிட்டது. பிள்ளையையும் கேட்காமல், கிருபாவையும் கேட்காமல், இரண்டு பேர் வாழ்க்கையையும் நானே ஒழுங்குபடுத்தப் போய், இரண்டையும் கெடுத்து வைத்திருந்தேன். நவம்பரில் அவளுக்கு விளாத்திகுளத்துக்கு அப்பால் உத்தரவு வந்தது. ஒன்றரை வருடம் போய்வந்தாள். முதல் வருடம் முழுக்க என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறாள். ஆனால் பழைய பேச்சு இல்லை.

மற்ற மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு பேர் இதுவே பிடித்திருக்கிறது என்றார்கள். மூன்றாமவள், “இனி என்ன டீச்சர், இருக்கட்டும்” என்றாள். அந்த “இருக்கட்டும்” எனக்குப் புரியாமல் இல்லை. வற்புறுத்திக் கேட்கவும் துணிவில்லை.

எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். எழுத்து மூலம் கண்டித்தார்கள். கண்டித்தது நியாயம்தான்.

பெல்ஷியாவுக்கு விட்டுப்போன நான்கு மாதக் கணக்கையும் மதிய நேரத்தில் நானே நடத்தினேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். இருவருக்கும் அது தண்டனை. எனக்குப் பொறுமை கிடையாது. அவளுக்கு வேகம் கிடையாது. ஒரு நாள் ஒரே கணக்கை ஐந்தாவது தடவை தப்பாகப் போட்டாள். சாக்பீஸை மேசையில் எறிந்து கத்திவிட்டேன்.

“டீச்சர், நீங்க கத்துனா எனக்கு ஒண்ணும் ஏறமாட்டேங்கு. கொஞ்சம் வெளிய நில்லுங்க, நானே போட்டுட்டுக் கூப்பிடுதேன்” என்றாள்.

வெளியே போய் வராந்தாவில் நின்றேன். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். சரியாகப் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் வெளியே நிற்கிற நேரம்தான் அதிகம்.

பிளஸ் டூ முடிவு வந்தது. மூன்று பாடத்தையும் கூட்டினால் நூற்றெழுபத்தெட்டு. வேண்டியது நூற்றெண்பது.

இரண்டு மார்க். நான் ஜூலையில் வாக்குக் கொடுத்தபடி மாற்றியிருந்தால் வந்திருக்குமா? அவள் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் அம்மா சொன்னார். “இதுக்குத்தானா டீச்சர் இம்புட்டுப் பாடு?” என்று ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார்.

இந்தத் தடவை உட்கார்ந்து விதிகளைத் தேடி வாசித்தேன். ஒரு கதவு மூடினால் வேறு எந்த வழியில் போகலாம் என்பதும் அதே விதிகளில் எழுதியிருக்கிறது. யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான். இயற்பியலில் பட்டம் வாங்கி, கடைசி வருடத்தில் நல்ல மார்க் இருந்தால், ஒரு வருடக் கப்பல் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். நீளமான வழி. அதை அவளிடம் எழுதிக் கொடுத்தேன். இது நல்லது, அது நல்லது என்று எதுவும் சொல்லவில்லை. அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். உள்ளூர்க் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் உதவித் தலைமையாசிரியையாகி, ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெல்ஷியா பள்ளிக்கு வந்தாள். உயரமாகியிருந்தாள், முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். நன்றி சொல்லவோ ஆசீர்வாதம் வாங்கவோ வந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்துவிட்டேன்.

“டீச்சர், பிளஸ் டூ சர்ட்டிபிகேட்ல என் இனிஷியல் தப்பா இருக்கு” என்றாள்.

அவள் அப்பா பெயர் சேவியர். ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எக்ஸ். பாஸ்போர்ட்டில் எக்ஸ். பிளஸ் டூவில் மட்டும் எஸ். பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. சான்றிதழ் சரிபார்த்தவர்கள் இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டு, மூன்று வாரம் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் திருத்தி வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

எஸ் என்று தட்டியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. பிளஸ் ஒன்னில் ஏற்றுகிற பெயர்தான் பிளஸ் டூ சான்றிதழ் வரை போகும்; அந்த வருடம் பட்டியல் மூடுவதற்கு முன்னால், அவளைப் பழைய பிரிவில் நீக்கிப் புதிய பிரிவில் அவசர அவசரமாக ஏற்றியவள் நான்தான். தமிழில் ‘சே’ என்று பார்த்து, கை தானாக எஸ்ஸைத் தட்டியிருக்கிறது. அச்சுப் பிரதியைப் பிள்ளையிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி உண்டு. வாங்கியிருக்கிறேன். “இங்க போடு” என்று விரலை வைத்துக் காட்டி வாங்கியிருக்கிறேன். வாசிக்க விடவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குப் பொறுமை இல்லை. “அழுதா நேரம் போவும் டீச்சர், லெட்டர் அடிங்க” என்றாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, திருத்தக் கோரும் கடிதத்தை நானே அடித்தேன். தபாலை நம்பப்போவதில்லை, சென்னைக்கு நானே கையில் கொண்டுபோவதாக முடிவு செய்திருந்தேன். பிறகு அப்படியே கொண்டுபோனேன். இரண்டு நாள் தேர்வு அலுவலக வாசலில் உட்கார்ந்து, திருத்திய சான்றிதழை வாங்கியும் வந்தேன். அவள் பயிற்சிக்குப் போனாள், முடித்தாள், கப்பலும் ஏறிவிட்டாள். இப்போது எந்தக் கடலில் இருக்கிறாள் என்று அவள் அம்மாவுக்கே சில நாள் தெரிவதில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அந்தக் கடிதத்தை அடித்து முடித்த நேரத்தைப் பற்றி.

அடித்து முடித்து, பிரின்ட் கொடுக்கக் கையை வைத்தேன்.

“இருங்க டீச்சர்” என்றாள் பெல்ஷியா. “கொஞ்சம் எழுந்திரிங்க.”

எழுந்தேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பதிவெண். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். ஆபீசில் இரண்டு ஆசிரியைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உதவித் தலைமையாசிரியை ஒருத்தி, பழைய மாணவியின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. பதிவெண்ணில் ஓர் இலக்கத்தை நான் மாற்றி அடித்திருந்தேன். அதைத் திருத்தி, பிரின்ட் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இப்ப சரியா இருக்கு. இனி நீங்க கையெழுத்துப் போடலாம்” என்றாள்.

போட்டேன்.